டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

கல்விச்சாலையின் கதவு சட்டத்தினால் அடைபட்டிருப்பதும் உண்டு. ஊராரின் வாயினால் அடைபட்டிருப்பதும் உண்டு. சட்டம் அடைத்த கதவை இன்னொரு சட்டம் திறந்துவிடும். ஊர் வாய் அடைத்த கதவோ அவ்வாறு எளிதில் திறப்பதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. அந்த வாயிலிருந்து வரும் பழிச்சொல்லைத் தாங்கிக்கொள்ளத் துணிந்த ஒருவர் முன்னே வந்து நின்றால்தான் அக்கதவு திறக்கும். பெண்கள் வைத்தியத் தொழிலுக்குள் புகுந்த வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இது நன்கு விளங்கும். அவ்வரலாற்றிலே தமிழ் மக்கள் என்றென்றும் நினைத்தற்குரியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார்.

அம்மையார் பிறந்த காலத்தில் பெண் வைத்தியர் என்பது பலர் கேட்டும் அறியாத ஒன்று. நோயுற்ற பெண்ணை ஆண் வைத்தியர் தொட்டுப் பார்ப்பதை வீட்டாரும் விரும்பார், நோயாளியும் உடன்படாள். மறைவிடத்து நோயை வாய்விட்டுச் சொல்லக் கூசி, உள்ளேயே வைத்து மாண்டவர் பலர். பிரசவம் சிக்கலாகிவிட்டால் மருத்துவிச்சியின் கைப்பழக்கத்தையும் தெய்வத்தையும் நம்பியிருப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே பெண்ணுக்குப் பெண் வைத்தியர் வேண்டுமென்பது ஆடம்பர ஆசையன்று, உயிர்ப் பிரச்சினையாகும்.

மேனாடுகளிலும் அந்நாளில் நிலைமை இனிதாக இருக்கவில்லை. அமெரிக்க நாட்டிலே எலிசபெத் பிளாக்வெல் என்னும் மாது பல கல்லூரிகளால் மறுக்கப்பட்டு, ஈற்றில் ஜெனீவா என்னும் சிற்றூர்க் கல்லூரியொன்றில் இடம் பெற்று, 1849ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவர்தம் தோழியரும் 1870ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பரீட்சை எழுதச் சென்றபோது, மாணவர் கூட்டமொன்று வாயிலை மறித்துச் சேற்றை வாரி எறிந்தது. படிக்க விட்ட பல்கலைக்கழகமே பின்னர் அவர்களுக்குப் பட்டம் தர மறுத்துவிட்டது.

இவ்வாறு மேனாட்டுக் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில் சென்னையில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. 1835ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை வைத்தியக் கல்லூரி, 1875ஆம் ஆண்டில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. வைத்தியத் துறைத் தலைவராயிருந்த எட்வர்ட் பால்பர் என்பவர் அதற்கு உறுதுணையாய் நின்றார். முதலிற் சேர்ந்த நால்வருள் ஒருவர் மேரி ஷார்லிப் என்னும் ஆங்கிலப் பெண்மணி. வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாய்ச் சென்னைக்கு வந்து, அங்கு பெண்கள் வைத்திய உதவியின்றி வருந்துவதைக் கண்டு மனம் பொறாது வைத்தியம் பயிலத் துணிந்தவர் அவர். 1878ஆம் ஆண்டில் கிருபாபாய் என்னும் இந்தியக் கிறிஸ்தவ நங்கையும் அக்கல்லூரியிற் சேர்ந்தார். உடல்நலம் குன்றியமையால் அவர் படிப்பைத் தொடர முடியாமற் போயிற்று. எனவே சென்னைக் கல்லூரியின் படியை முதன்முதல் மிதித்த பெண் முத்துலட்சுமி அம்மையாரே எனச் சிலர் கூறுவது சரியன்று. இது அம்மையாரின் பெருமையைக் குறைப்பதுமன்று. சட்டப்படி கதவு திறந்து முப்பது ஆண்டுகள் கழிந்தும் நம்மவர் குடும்பங்களிலிருந்து பெண்கள் அங்கே செல்லத் தயங்கியது ஏன் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. விடையை அம்மையாரின் வாழ்க்கையே கூறும்.

புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே தொண்டைமான் மன்னர்கள் ஆண்டுவந்த சிறு சமஸ்தானம். அங்கே 1886ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆந் திகதி முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர். கல்வியிற் சிறந்த அந்தணர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி மரபிலே தோன்றியவர். சந்திரம்மாளை மனைவியாக ஏற்றுக்கொண்டமைக்காக ஐயரை அவருடைய சுற்றத்தார் விலக்கி வைத்தனர். ஆகவே முத்துலட்சுமி பிறந்தபொழுதே ஊராரின் முணுமுணுப்பும் உடன்பிறந்தது எனலாம். தான் செய்யாத குற்றத்துக்காகத் தலைகுனிந்து நடக்க வேண்டுமென அக்குழந்தையிடம் ஊர் எதிர்பார்த்தது. ஆனால் குழந்தை தலைநிமிர்ந்து நடந்தது.

சிறுமி பள்ளியிலே காட்டிய ஊக்கத்தைக் கண்டு தந்தையார் மகிழ்ந்தார். தாயாருக்கோ வேறு கவலை. பெண் வளர்ந்துவிட்டாள், காலத்தோடு ஒரு கையிற் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். அக்காலத்துத் தாய்மார் எவருக்கும் இருந்த கவலைதான் அது. தம் மரபின் காரணமாக மகளுக்கு என்ன நேருமோ என அஞ்சிய அத்தாய்க்கு அது இருமடங்காக இருந்திருக்கும். அவரை நாம் குறைகூறுதல் தகாது. பதின்மூன்று வயதளவில் முத்துலட்சுமி பள்ளிக்குச் செல்வது நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. தந்தையாரே வீட்டிலிருந்து கற்பித்தார். 1902ஆம் ஆண்டிலே அவர் தனிப்பட்ட முறையில் மெற்றிக்குலேஷன் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்தார்.

இதன்பின் 1904ஆம் ஆண்டில், தந்தையார் பணிபுரிந்த மகாராஜா கல்லூரியிற் சேர்வதற்கு விண்ணப்பம் அனுப்பப்பட்டது. ஆண்கள் மாத்திரம் பயிலும் கல்லூரி அது. பெண்ணைச் சேர்க்கலாகாது என விதி எதுவும் குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை, மனிதர்களே நின்றனர். இளைஞர்களுக்கு நடுவில் ஒரு பெண் வந்து அமர்ந்தால் அவர்களின் ஒழுக்கம் கெடும் என்றனர் சிலர். தம் மைந்தர்களை நிறுத்திவிடுவோம் என்றனர் பெற்றார் சிலர். பெண்ணின் பிறப்பையும் இழுத்து வைத்துப் பேசினர். இளைஞரின் ஒழுக்கம் ஒரு பெண் புத்தகத்தோடு வந்து அமர்வதாற் கெட்டுவிடுமாயின், அவ்வொழுக்கத்தைக் கல்லூரி எவ்வளவு செம்மையாகக் கற்பித்தது என்று ஒருவரும் கேட்டிலர்.

விடயம் மன்னரிடம் சென்றது. அப்போது அரசுபுரிந்தவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது, மாணவியைச் சேர்க்குமாறு உத்தரவிட்டதோடு உபகாரச் சம்பளமும் அளித்தார். அரசரின் ஒரு வார்த்தை ஊரின் ஆயிரம் வார்த்தைகளை அடக்கிற்று. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முத்துலட்சுமியிடம் அறிவு இருந்தது, ஊக்கம் இருந்தது. ஆயினும் தந்தை பழியைச் சுமந்திராவிடின் அவர் எழுத்தறிந்த அளவில் நின்றிருப்பார். மன்னர் துணிந்திராவிடின் வீட்டுப் படிப்போடு முடிந்திருப்பார். அறிவும் ஊக்கமும் இருந்தும் இத்தகைய துணை வாய்க்காமல் அடுக்களையோடு மறைந்துபோன பெண்கள் எத்தனை பேரோ! அவர்களின் பெயரை எந்த மலரும் தாங்கி வரப்போவதில்லை.

கல்லூரிப் படிப்பை முடித்த முத்துலட்சுமி 1907ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். சிற்றூரிலிருந்து வந்தவர், பெரும்பாலும் ஆண்களே நிறைந்த வகுப்பு. பிணத்தை அறுத்துப் பார்த்து உடற்கூறு கற்க வேண்டும். இரத்தம் கண்டு கலங்காது சத்திரசிகிச்சை பயில வேண்டும். பெண்ணுக்கு இவை இயலுமா என்று பலரும் ஐயுற்ற காலம் அது. அம்மையார் வாதம் புரிந்து அவ்வையத்தைப் போக்கவில்லை, பரீட்சைகளினால் போக்கினார். சத்திரசிகிச்சையிலே சிறப்பு நிலை எய்தி, பதக்கங்களும் பரிசுகளும் பெற்று, 1912ஆம் ஆண்டில் எம்.பி., சி.எம். பட்டம் பெற்று வெளிவந்தார். அப்பட்டம் பெற்ற இந்தியப் பெண்களுள் முன்னணியில் வைத்து எண்ணப்படுபவர் அவர். பின்னர் எழும்பூரிலுள்ள அரசாங்க மகளிர் குழந்தைகள் வைத்தியசாலையில் உள்ளிருப்பு வைத்தியராகப் பணியாற்றினார். அப்பதவியை அங்கு வகித்த முதற் பெண் அவரே.

1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி என்னும் சத்திரசிகிச்சை நிபுணரை அம்மையார் மணந்தார். சாதி கடந்த மணம். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுசெய்யப்பட்டது. மணத்துக்கு முன்னரே அம்மையார் தம் நிபந்தனையை எடுத்துரைத்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்கும் பணிக்கும் குறுக்கே நிற்றலாகாது என்பதே அது. கணவர் அதற்கு உடன்பட்டார். உடன்பட்டபடியே வாழ்ந்தும் காட்டினார். பிள்ளைகள் இருவரையும் வளர்த்துக்கொண்டு, நோயாளரையும் பார்த்துக்கொண்டு, பொதுப்பணியும் செய்ய அம்மையாரால் முடிந்ததென்றால், அவ்வீட்டுத் தலைவரின் பெருந்தன்மைக்கும் அதில் பங்குண்டு.

வைத்தியத் தொழிலிலே பேரும் பொருளும் ஈட்டி அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் நோயாளரின் கட்டிலருகே நின்றவர் அங்கே நோயை மட்டும் காணவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலே தாயாகி உடல் சிதைந்த சிறுமியரைக் கண்டார். வறுமையினால் பாலின்றி வாடும் குழந்தைகளைக் கண்டார். மருந்தினால் தீரும் நோய் சில. வழக்கத்தை மாற்றினாலன்றித் தீராத நோய் பல என்பதை உணர்ந்தார். அவருடைய சொந்த வீட்டிலும் துயரம் புகுந்தது. இளைய சகோதரி ஒருவர் புற்றுநோய்க்கு ஆளாகி, இளவயதிலேயே மாண்டார். நோய் இன்னதென உரிய காலத்தில் அறியப்படாமை அம்மையாரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வைத்தியராகிய தம்மாலும் காப்பாற்ற முடியாத அவ்வுயிரை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

1925ஆம் ஆண்டில் அரசாங்க உதவியுடன் இலண்டன் சென்று, பெண்கள் குழந்தைகள் நோய் பற்றி மேற்பயிற்சி பெற்றார். 1926ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடைபெற்ற உலக மாதர் வாக்குரிமை மகாநாட்டிலும் கலந்துகொண்டார். தாயகம் திரும்பியதும் புதியதோர் அழைப்பு காத்திருந்தது. சென்னைச் சட்டசபையிலே பெண்களும் அங்கத்தவராகலாம் என்னும் உரிமை அவ்வாண்டில் கிடைத்திருந்தது. இந்திய மாதர் சங்கத்தாரின் வேண்டுகோளின்படி அம்மையார் சபைக்கு நியமிக்கப்பட்டார். தொழிலை விட்டு அரசியலுக்குச் செல்வதா என்று முதலில் தயங்கினார், பின்னர் இசைந்தார். 1927ஆம் ஆண்டில் சபையினர் அவரை உப தலைவராகவும் ஒருமனதாய்த் தெரிவுசெய்தனர். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை அங்கத்துவம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

சபையிலும் அவர் வைத்தியராகவே இருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திய பரிசோதனை வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வைத்திய வசதிகள் பெருக வேண்டும், சிறுமியரின் மணவயது உயர வேண்டும் என்று இடைவிடாது வாதாடினார். குழந்தை மணத்தைத் தடுக்க 1929ஆம் ஆண்டில் நிறைவேறிய சாரதா சட்டத்துக்கு ஆதரவு திரட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

எல்லாவற்றிலும் அரிய போராட்டம் ஒன்று எஞ்சியிருந்தது. அது சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்த போராட்டம். இதனை ஓர் இந்து வாலிபர் சங்கத்தின் மலரிலே எழுதும்போது நாம் மறைத்தெழுத வேண்டியதில்லை. இறைபணியாகத் தொடங்கிய வழக்கமொன்று, தன் விருப்பத்தைச் சொல்லத் தெரியாத சிறுமியரைப் பிறர் கையில் ஒப்புக்கொடுக்கும் வழியாக மாறியிருந்தது. அதனைக் கோயிலின் பெயராற் காத்தல் கோயிலுக்கே இழுக்காகும் என்பது அம்மையாரின் துணிபு. 1927ஆம் ஆண்டிலே அவர் கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. 1929ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால், கோயிற் பணிக்கெனத் தாசியர்க்கு விடப்பட்ட மானிய நிலங்கள் அப்பணியினின்றும் விடுவிக்கப்பட்டன. பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடைசெய்யும் மசோதாவை 1930ஆம் ஆண்டில் கொண்டுவந்தார்.

எதிர்ப்புப் பலமாக எழுந்தது. சமயத்தில் கைவைக்கிறார் என்றனர் வைதிகர். தேவதாசியருள்ளும் பலர், தங்கள் கலையும் நிலமும் மானமும் இதனாற் பறிபோகும் என்று கூட்டமாய் எதிர்த்தனர். ஆடலும் பாடலும் காத்த குலத்தினரின் அக்கவலை வெறும் வீண்கவலை அன்று. ஆராய்ச்சியாளர் இன்றும் அதனை எடுத்துப் பேசுகின்றனர். ஆயினும் அம்மையாரின் கண்முன் நின்றவர்கள் வாய்திறக்க முடியாத குழந்தைகள். தாயாரின் மரபை மறைத்து வாழ்ந்திருந்தால் அவரைக் கேட்பார் எவருமிலர். மறைக்காமல் நின்று பேசியமையால், பழைய முணுமுணுப்பு முழுவதையும் மீண்டும் தம் தலைமேற் சுமந்தார். அவ்வாண்டு காந்தியடிகள் சிறைப்பட்டதும் அம்மையார் சபைப் பதவியைத் துறந்தார். மசோதா உடனே நிறைவேறவில்லை. பதினேழு ஆண்டுகள் கழிந்து 1947ஆம் ஆண்டிலேதான் அது சட்டமாயிற்று.

இக்காலத்திலேதான், பொட்டுக்கட்டும் வழக்கத்தினின்று தப்பி வந்த சிறுமியர் சிலர் அம்மையாரின் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர்கள் படிப்பதற்கு விடுதியில் இடம் தேடினார். எந்தச் சாதியார் விடுதியும் அவர்களை ஏற்கவில்லை. மகாராஜா கல்லூரி வாயிலிலே தமக்கு நேர்ந்தது அம்மையாருக்கு நினைவில் வந்திருக்கும். அங்கே மன்னர் செய்ததை இங்கே அவர் செய்தார். தம் வீட்டையே விடுதியாக்கினார். இவ்வாறு 1930ஆம் ஆண்டளவில் தோன்றியதே ஔவை இல்லம். ஆதரவற்ற பெண்கள் எச்சாதியினராயினும் அங்கே தங்கிக் கற்கலாம். பின்னர் அது அடையாற்றில் வேரூன்றி வளர்ந்தது. பிள்ளைகளைக் காப்பதோடு, அவர்கள் ஆசிரியராகவும் தாதியராகவும் தம் காலில் நிற்கப் பயில வேண்டும் என்பதே அம்மையாரின் குறிக்கோள்.

சகோதரியின் நினைவும் அவரை விட்டகலவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை வேண்டுமென 1935ஆம் ஆண்டு முதலே வற்புறுத்தி வந்தார். புற்றுநோய் வந்தால் மரணமே முடிவு, அதற்குப் பணத்தைச் செலவிடுவானேன் என்று அதிகாரத்திலிருந்தோர் கருதிய காலம். கணவர் 1943ஆம் ஆண்டில் மறைந்தார், வயதும் ஏறிற்று, அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் ஆதரவில் நிதி திரட்டினார். வீடு வீடாகவும் சபை சபையாகவும் கையேந்தினார். 1952ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆந் திகதி அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பன்னிரண்டே படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு அறுபத்தேழு வயது.

அந்நிலையத்தைக் கட்டி வளர்த்தவர் அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. 1955ஆம் ஆண்டில் அவரோடு சேர்ந்தவர் டாக்டர் சாந்தா என்னும் இளம் பெண் வைத்தியர். பன்னிரண்டு படுக்கைகளைப் பல நூறாகப் பெருக்கி, ஏழை எளியோர்க்கெனவே வாழ்ந்து, 2021ஆம் ஆண்டில் மறையும்வரை சாந்தா அம்மையார் அங்கேயே தொண்டாற்றினார். ஒரு பெண் வைத்தியக் கல்லூரியின் கதவைத் தாண்டியதனால் விளைந்த பயன் எவ்வளவு தூரம் சென்றது பாருங்கள்.

இந்திய அரசாங்கம் 1956ஆம் ஆண்டில் முத்துலட்சுமி அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. 1968ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22ஆந் திகதி, தமது எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். வறிய கர்ப்பிணிப் பெண்களுக்கு உதவும் தமிழ்நாட்டு அரசின் நிதித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பட்டங்களைக் காட்டிலும் அவர் மனத்துக்கு உகந்த நினைவுச் சின்னம் அதுவாகவே இருக்கும்.

சங்கத்து இளைஞர்களே! நமது நாட்டு வைத்திய பீடங்களில் இன்று பெண்கள் பெருந்தொகையினராய்ப் பயில்கின்றனர். வெள்ளை அங்கி அணிந்து செல்லும் நம் சகோதரியரைக் கண்டு ஒருவரும் வியப்பதில்லை. அது நன்றே. ஆனால் அந்த வியப்பின்மை இலவசமாகக் கிடைத்ததன்று. ஒருவர் தனியே அமர்ந்து படித்தார். அவர் படிப்பதற்காக வேறு சிலர் பழி சுமந்தனர்.

பெரியோர்களே! தங்கள் முன்னிலையிலும் ஏதேனும் ஒரு கதவின் முன் ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருக்கக்கூடும். தூர இடத்துப் படிப்பாயிருக்கலாம். ஆண்களுக்கே உரியது எனக் கருதப்படும் தொழிலாயிருக்கலாம். பிறப்பையோ வறுமையையோ காட்டி அவளை ஊர் ஒதுக்கியிருக்கலாம். சட்டம் அவளைத் தடுக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விதான் தடுக்கின்றது. நாராயணசாமி ஐயர் அக்கேள்விக்கு விடை தேடவில்லை. மகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். நாமும் அவ்வாறு செய்வோமாக.